குப்பையைக் குறைக்கும் பூந்திக்கொட்டை

கிராமத்து வீடுகளில் குப்பை என்றால் ஒரு காலத்தில் அது எருக்குழிக்குப் போகும் பொருள். சாணம், சாம்பல், வைக்கோல் கூளம், காய்கறித் தோல் ஆகியவை குழியில் விழுந்து மக்கி, கோடை உழவுக்கு முன் வயலுக்குப் போய்ச் சேரும். இன்று அதே குழியைக் கிளறினால் மக்காத பொருள்களும் கை நிறைய வருகின்றன. ஷாம்புப் பாக்கெட், சோப்புத் தூள் உறை, பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார், தரை துடைக்கும் திரவம் வந்த டப்பா எல்லாம் எருவோடு சேர்ந்து வண்டியேறி வயலுக்கே வந்துவிடுகின்றன.

வயலில் விழுந்த பிளாஸ்டிக் தாள் மண்ணுக்குள் மடிந்து கிடக்கும். அது கிடக்கும் இடத்தில் நீர் கீழே இறங்குவது தடைப்படும். முளைக்கும் விதையின் வேர் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெயிலிலும் உழவிலும் அது துண்டு துண்டாகக் கிழியுமே தவிர, சாணம் போல மக்கி மண்ணாகாது. மேய்ச்சலுக்குப் போகும் மாடு அதைத் தின்றால் வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்தாகும். எனவே வீடு கழுவும் பொருளை எதில் வாங்குகிறோம் என்பது அடுப்பங்கரைக் கணக்கு மட்டுமல்ல. விவசாயக் கணக்கும் ஆகும்.

பாக்கெட் வந்த கதை

ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கத்துக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் இதில் முன்னோடி. அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனமும் பாக்கெட் ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்தது. பாட்டில் வாங்க இயலாத கூலிக் குடும்பமும் சில்லறைக் காசில் ஷாம்பு வாங்க முடிந்தது. இதில் நன்மை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பொருள் தீர்ந்த பின் உறை தங்கிவிட்டது. இத்தகைய உறைகள் பலவும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களையும், சிலவற்றில் மெல்லிய அலுமினியப் படலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்கிறார்கள். ஈரமும் காற்றும் புகாமல் காப்பது இந்த ஒட்டுதான். அதே ஒட்டு, உறையை மறுபடி உருக்கிப் பயன்படுத்தவும் தடையாகிறது. பால் கவரையும் பாட்டிலையும் பழைய சாமான்காரர் எடைக்கு வாங்கிக்கொள்வார். ஷாம்புப் பாக்கெட்டை அவர் தொடமாட்டார். எடையும் இல்லை, விலையும் இல்லை.

கணக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு வீட்டில் வாரத்துக்கு 4 பாக்கெட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 208 உறைகள். 300 வீடுகள் உள்ள ஊரில் 62,400 உறைகள். இது ஷாம்பு மட்டும். சோப்புத் தூளும் மற்றவையும் சேரவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. மஞ்சப்பை கடைப் பையின் இடத்தைப் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பைக்குள்ளே வரும் உறைகளை அது குறைக்காது. அவற்றைக் குறைக்க வேண்டுமானால் பொருளை வாங்கும் முறையே மாற வேண்டும்.

பழைய பழக்கம்தான்

ஒரே பாத்திரத்தை மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. எண்ணெய்க்குத் தூக்கு, பாலுக்குச் செம்பு, மண்ணெண்ணெய்க்குத் தகர டின், மளிகைக்குத் துணிப்பை என்று வீட்டிலிருந்து பாத்திரம் கடைக்குப் போய்வந்த காலம் உண்டு. செக்கில் எண்ணெய் ஆட்டுவோர் இன்றும் சொந்தக் கேனைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். துப்புரவுப் பொருள்களுக்கும் இதே முறையைக் கையாண்டால் போதும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உறையில்லாமல் எடையில் கிடைக்கும் பொருளை வாங்கி வீட்டு டின்னில் நிரப்பி வைப்பது. பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்புத் தூள் ஆகியவை நாட்டு மருந்துக் கடைகளில் இவ்வாறு கிடைக்கும். மற்றொன்று, அந்தப் பொருளைச் சொந்த நிலத்திலேயே உண்டாக்கிக்கொள்வது. இந்த இரண்டாவது வழி நகரத்தாருக்கு அரிது, விவசாயிக்கு எளிது.

பூந்திக்கொட்டையின் தன்மை

பூந்தி, பூவந்தி, பொன்னாங்கொட்டை என்று பல பெயர்களில் வழங்கும் இம்மரம் தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் ஊர்ப்புறங்களிலும் தானாக வளர்வது. இதன் இனத்துக்குத் தாவரவியலார் வைத்த பெயர் சபிண்டஸ். 'இந்தியச் சோப்பு' என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து அது வந்தது.

நம் சமவெளி மரத்தின் காய் இரண்டு மூன்று பிளவாக ஒட்டியிருக்கும். கடைகளில் கிடைக்கும் பெரிய உருண்டைக் காய் பெரும்பாலும் இமயமலை அடிவாரத்தில் விளையும் வடநாட்டு வகை. கழுவுவதற்கு இரண்டும் உதவும். நடுவதற்கு நம் பகுதி வகையே ஏற்றது.

காயின் உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டையில் அழுக்கு நீக்கும் சக்தி இல்லை. மேல்தோலில்தான் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. இதன் ஒரு பகுதி நீரைப் பற்றும். மறு பகுதி எண்ணெய்ப் பசையைப் பற்றும். இடையில் சிக்கிய அழுக்கு பிரிந்து நீரோடு போய்விடும். சோப்பும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆனால் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகப் படியும். பூந்திக்கொட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரைப் பயன்படுத்தும் ஊர்களுக்கு இது பெரிய வசதி.

இதில் காரத்தன்மை இல்லாததால் பட்டு, கம்பளி ஆகியவற்றின் இழைகள் கெடுவதில்லை. பட்டுச் சேலை அலசவும் தங்க நகை துலக்கவும் நெடுங்காலமாக இதைக் கையாண்டு வருவதற்குக் காரணம் இதுவே.

திரவம் தயாரிக்கும் முறை

நன்கு காய்ந்த பூந்திக்கொட்டையை உடைத்து, கொட்டையை நீக்கி, தோலை மட்டும் 100 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை 1 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பொங்கி வழியும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். ஆறிய பின் கையால் பிசைந்து துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறத் திரவம் கிடைக்கும். சக்கை எருக்குழிக்குப் போகலாம்.

ஒரு வாளித் துணிக்கு, அதாவது சுமார் 10 லிட்டர் நீருக்கு, 200 மில்லி திரவம் சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி அலசலாம். பாத்திரத்துக்குத் திரவத்தை அப்படியே தேங்காய் நாரில் தொட்டுத் தேய்க்கலாம். எண்ணெய்ப் பசை மிகுந்த பாத்திரமானால் முதலில் பசையை வழித்து எடுத்துவிட்டுச் சுடுநீரைக் கையாள வேண்டும்.

இத்திரவம் நீண்ட நாள் தாங்காது. மூன்று நான்கு நாளில் புளித்து நாற்றம் எடுக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலும் சில நாள் இருக்கும். ஆகையால் ஒரே சமயத்தில் நிறையக் காய்ச்சி வைப்பதைவிடக் காய்ந்த தோலைச் சேமித்து வைத்து, வாரம் இருமுறை புதிதாகத் தயாரிப்பதே நலம். தோலை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, ஈரம் புகாத டின்னில் அடைத்தால் அடுத்த பருவம் வரை கெடாது.

தூளாக வேண்டுவோர் மில்லில் அரைத்துக்கொள்ளலாம். அரைக்கும்போது எழும் தூசி கடுமையான தும்மலை உண்டாக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். திரவமோ தூளோ கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே நல்ல நீரால் கழுவ வேண்டும்.

சீயக்காயும் அரப்பும்

தலைக்கு ஷாம்புவின் இடத்தை நிரப்ப இரண்டு தாவரங்கள் உள்ளன. சீயக்காய் முள்ளுள்ள கொடி. மலையடிவாரத் தோட்டங்களில் உயிர்வேலியாக வளர்த்தால் ஆடு மாடு நுழையாது, காயும் கிடைக்கும். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைத் தூள். மானாவாரிப் பூமியில் நீர் விடாமலே வளரும் மரம் இது. உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயர் இம்மரத்தால் வந்தது என்பர். இலையை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்தால் தூள் தயார். கழித்த கிளை மீண்டும் தழைக்கும். இதே இலையை மோரில் ஊறவைத்து இயற்கை விவசாயிகள் பயிருக்குத் தெளிக்கிறார்கள். ஒரே மரம் தலைக்கும் பயிருக்கும் உதவுகிறது.

பிளாஸ்டிக் நாருக்குப் பதில் தேங்காய் நாரும், முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடும் இருக்கின்றன. இவை தேய்ந்தபின் எருக்குழியில் மக்கும். பித்தளைக்குப் புளி உண்டு. இரும்புச் சட்டிக்குச் சலித்த சாம்பல் நல்லது. அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் சாம்பல் கூடாது. சாம்பலின் காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

கழிவுநீர் எங்கே போகிறது?

இது பல வீடுகளில் கவனிக்கப்படாத விஷயம். கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிய நீரும் துணி துவைத்த நீரும் வாழைக்கும் தென்னைக்கும் பாய்வது வழக்கம். சலவைத் தூள்களில் சலவைச் சோடா போன்ற சோடியம் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. இந்த நீர் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் பாய்ந்தால், குறிப்பாகக் களிமண் பூமியில், சோடியம் சேர்ந்து மண்ணின் கட்டமைப்பு சிதைகிறது. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாறை என்று ஆகிவிடும். களர் நிலத்தின் குணமும் இதுதான். கொல்லை வாழை காரணம் தெரியாமல் குன்றிப்போனால் மண்ணை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. களர்த்தன்மை இருப்பதாகத் தெரிந்தால் ஆய்வு முடிவில் சொல்லும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சி வடிக்க வேண்டும்.

பூந்திக்கொட்டை, அரப்பு, சீயக்காய் ஆகியவற்றின் கழிவுநீரில் சோடியச் சேர்க்கை இல்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்துவிடும். வாழை, தென்னை, கல்வாழை ஆகியவற்றுக்குப் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் கீரை, வெங்காயம், முள்ளங்கிப் பாத்திகளுக்கு எந்தக் கழிவுநீரும் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள் முக்கியமானவை. முதலாவது, சப்போனின் மீனுக்கு நஞ்சு. குளம், குட்டை, மீன் தொட்டி, வாய்க்கால் இவற்றில் பூந்திக்கொட்டை நீரைக் கொட்டக் கூடாது. இயற்கைப் பொருள் என்பதால் எல்லா உயிருக்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது, மாட்டுக்கு வைக்கும் கழுநீர்த் தொட்டியில் பாத்திரம் தேய்த்த நீர் கலக்கக் கூடாது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் மட்டும் அதில் சேரட்டும். தேய்த்த நீர் தனி வாய்க்காலில் போகட்டும்.

எதற்கு உதவாது?

பூந்திக்கொட்டையில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பது தவறு. சலவைத் தூளில் துணியைப் பளிச்சென்று காட்டும் வெண்மைப் பொருள் சேர்க்கிறார்கள். இதில் அது இல்லை. வெள்ளை வேட்டி அந்தப் பளபளப்புக்கு வராது. நுரையும் குறைவு; நுரையைக் கண்டு அளவைக் கூட்டத் தேவையில்லை. இது கிருமிநாசினியும் அல்ல. வீட்டில் வயிற்றுப்போக்கு கண்டவர் இருந்தால், அவர் துணியையும் கழிவறையையும் பிளீச்சிங் பவுடர் கரைசல் கொண்டுதான் சுத்தம் செய்ய வேண்டும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை வெல்லத்தோடு நீரில் ஊறப்போட்டுத் தரை துடைக்கும் கரைசல் செய்யும் வழக்கமும் இப்போது பரவியுள்ளது. வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, நீர் 10 பங்கு என்று கலந்து 3 மாதம் புளிக்கவிடுகிறார்கள். முதல் மாதத்தில் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாத்திரம் வெடிக்கும். கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது. இக்கரைசல் புளிப்பானது. உப்புக் கறை நீங்கும். ஆனால் மொசைக், சலவைக்கல் தரைகளை அது அரிக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வேறு புளிப்புக் கரைசலையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறையில் அது உயிருக்கு ஆபத்து. எந்தத் துப்புரவுப் பொருளையும் மற்றொன்றோடு கலக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

எதில் நிரப்புவது?

மீண்டும் நிரப்பும் முறையில் பெரிய ஆபத்து பாத்திரத்தில்தான் இருக்கிறது. விவசாய வீடுகளில் காலியான பூச்சிமருந்து டப்பாக்கள் கிடக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் வேறு எதையும் நிரப்பக் கூடாது. மருந்தைத் தெளிப்பானில் ஊற்றியவுடனே டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே சேர்த்து, டப்பாவில் ஓட்டை போட்டு ஒதுக்கிவிட வேண்டும்.

அதேபோல் குளிர்பானப் பாட்டிலிலும் குடிநீர்ப் பாட்டிலிலும் பினாயிலையோ ஆசிட்டையோ நிரப்பி வைக்கக் கூடாது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. தனி நிறமுள்ள கேன், இறுக்கமான மூடி, மேலே பெரிய எழுத்தில் பெயர், எட்டாத உயரத்தில் இடம் ஆகிய நான்கும் அவசியம். மறுபடி நிரப்பும் முன் பாத்திரத்தைச் சுடுநீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பழைய திரவத்தின் மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றினால் புதியதும் சீக்கிரம் கெட்டுவிடும்.

மரம் வளர்க்கும் முறை

பூந்தி மரத்துக்குச் செம்மண், சரளை மண் எதுவும் ஏற்கும். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. நன்றாகக் காய்க்கும் தாய் மரத்திலிருந்து முற்றிய கொட்டைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொட்டையின் ஓடு மிகக் கடினம். சொரசொரப்பான கல்லில் சற்றுத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த கலவையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். முளைக்க ஒரு மாதம் வரையும் ஆகலாம். முளைக்கவில்லை என்று கொட்டிவிடக் கூடாது. நாற்று வளர்க்கத் தேங்காய்ச் சிரட்டையோ பழைய மண்சட்டியோ போதும்.

ஓராண்டுக் கன்றை மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் இருக்கட்டும். வரிசையாக நட்டால் மரத்துக்கு மரம் 15 அடிக்குக் குறையக் கூடாது. நிழல் விழும் என்பதால் பயிருக்கு நடுவில் வேண்டாம். மேட்டு வரப்பு, கிணற்று மேடு, களத்து ஓரம் ஆகியவை ஏற்ற இடங்கள். முதல் இரண்டு கோடையில் நீர் ஊற்றி, முள்வேலி போட்டுக் காத்தால் பிறகு கவலையில்லை. பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்க்கும்.

இம்மரம் மெதுவாக வளரும். விதைக் கன்று காய்ப்புக்கு வர ஏழு எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். ஒட்டுக் கன்று கிடைத்தால் முன்னதாகவே பலன் தரும். அதுவரை கடையில் எடைக்கு வாங்கிக்கொள்ளலாம். இன்று நட்டால்தான் இன்றைய பிள்ளைகள் தலையெடுக்கும்போது வீட்டுக்குக் காய் இருக்கும்.

குழுவாகச் செய்தால் லாபம்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. இன்று குழு இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஒரு குழு மூட்டையாகப் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் வாங்கி, வெயிலில் காயவைத்து அரைத்து, மூடியுள்ள எவர்சில்வர் டிரம்மில் வைத்து, கொண்டுவரும் டின்னில் எடை போட்டுக் கொடுக்கலாம். உறைச் செலவு மிச்சம். மூட்டை விலையும் குறைவு. தூளாகவே விற்றால் கெடும் என்ற பயமும் இல்லை. வாடிக்கையாளரின் டின்னை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு நிரப்பிய எடையைக் கழித்துக் கணக்கிட்டால் தகராறு வராது.

புதிதாகத் தொடங்கும் வீட்டார் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். முதல் மாதம் பாத்திரம் தேய்க்கும் பொருளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அது பழகியபின் தலைக்கு அரப்பு, அதன்பின் துணி. உறைகளை மட்டும் ஒரு சாக்கில் தனியே சேர்த்து, எருக்குழிக்குப் போகாமல் ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் கொடுத்துவர வேண்டும். மாதக் கடைசியில் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாலே எவ்வளவு குறைந்தது என்பது தெரிந்துவிடும். உறையில்லாத எரு வயலுக்குப் போவதே இதன் முதல் வரவு.